வயதுவந்தோர் காட்சிப் புதினங்கள்: செலவுக் கணக்கும் படைப்பு நோக்கும்

காட்சிப் புதினம் என்பது கணினித் திரையில் உரை, படம், இசை, குரல் ஆகியவற்றைச் சேர்த்துக் கதை சொல்லும் வடிவம். விஷுவல் நாவல் என்றும் அழைக்கப்படுகிறது. வாசகர் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு வரியோ ஒரு பத்தியோ வாசித்துச் செல்வார். சில இடங்களில் இரண்டு மூன்று வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதற்கேற்பக் கதை கிளை பிரியும். 1980-களில் ஜப்பானில் தோன்றிய இவ்வடிவத்தின் கணிசமான பகுதி, வயதுவந்தோருக்கு மட்டும் என்ற முத்திரையுடன் சிறு நிறுவனங்களாலும் நண்பர் குழுக்களாலும் தனியாட்களாலும் உருவாக்கப்பட்டது.

இவர்களில் பலரிடம் பெரிய முதலீடு இருந்ததில்லை. கையிலிருந்த பணத்துக்கும் சொல்ல விரும்பிய கதைக்கும் இடையே எதைச் சுருக்கினார்கள், எதைச் சுருக்க மறுத்தார்கள் என்பது இவ்வடிவத்தின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானித்தது. வயதுவந்தோர் முத்திரையும் இந்தக் கணக்கின் ஒரு பகுதியே. ஒரு காலத்தில் அது சிறு படைப்பாளிகளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது. பின்னர் அதுவே பணம் வந்துசேரும் வழியை அடைக்கும் காரணமாகவும் ஆனது.

வடிவமும் செலவும்

ஒரு காட்சிப் புதினத்துக்குப் பின்னணிப் படங்கள், பின்னணியின் மேல் நிற்கும் கதாபாத்திர உருவங்கள், முக்கியத் தருணங்களுக்கென்று முழுத்திரை அளவில் வரையப்படும் நிகழ்ச்சிப் படங்கள், இசை, ஒலிகள் ஆகியவை தேவை. குரல் நடிப்பு விருப்பத்தைப் பொறுத்தது. இவை அனைத்தையும் கதை உரை இணைக்கிறது. அசைபடத்துக்குத் தேவைப்படும் ஆயிரக்கணக்கான படங்கள் இதற்கு வேண்டியதில்லை. ஒரே தெருவின் படத்தை நிறம் மாற்றிக் காலையாகவும் மாலையாகவும் இரவாகவும் பயன்படுத்தலாம். ஒரே உருவத்தை நூறு காட்சிகளில் நிறுத்தலாம்.

உதாரணமாக, ஒரு கதாபாத்திரத்துக்கு 3 நிற்கும் நிலைகள், 2 உடைகள், 8 முகபாவங்கள் என்று வைத்துக்கொண்டால் திரையில் 48 தோற்றங்கள் கிடைக்கும். உடலையும் முகத்தையும் தனித்தனி அடுக்குகளாக வரைந்தால் உடலுக்கு 6, முகத்துக்கு 24 என மொத்தம் 30 படங்கள் போதும். ஆனால் ஒரு மழைக்காட்சியில் அந்தப் பாத்திரம் மழைச்சட்டை அணிந்து வர வேண்டுமென்றால் மேலும் 3 உடல்களை வரைய வேண்டும். எழுத்தாளர் அதை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஓவியருக்கு அது பல நாள் வேலை. ஆகவே அனுபவமுள்ள குழுக்கள் கதையை எழுதத் தொடங்கும் முன்பே இடங்கள், பாத்திரங்கள், உடைகள் எத்தனை என்று பட்டியல் போட்டுக்கொள்கின்றன.

கிளைபிரியும் கதையில் செலவு வேறொரு விதத்தில் பெருகுகிறது. பொதுவான தொடக்கப் பகுதி 1 மணி நேரம், அதிலிருந்து பிரியும் 5 பாதைகள் தலா 4 மணி நேரம் என்றால், 21 மணி நேர வாசிப்புக்கான உரையை எழுத வேண்டும். ஒருமுறை வாசித்து முடிப்பவர் காண்பது 5 மணி நேரப் பகுதி மட்டுமே. ஆறாவது பாதை ஒன்றைச் சேர்த்தால் எழுத்து மட்டுமல்லாமல் புதிய நிகழ்ச்சிப் படங்கள், குரல், பிழை சோதனை, மொழிபெயர்ப்பு என எல்லாம் கூடும். எனவே பணமோ நாளோ போதாதபோது முதலில் கைவைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு முழுப் பாதையாகவே இருந்திருக்கிறது.

குரல் சேர்ப்பதற்கு நடிகர் ஊதியமும் ஒலிப்பதிவுக் கூட வாடகையும் ஆகும். அதைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. குரல் பதிவாகிவிட்டால் உரை உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரு வசனத்தைத் திருத்த வேண்டுமென்றாலும் நடிகரை மீண்டும் அழைக்க வேண்டும். கடைசி நாள் வரை எழுதித் திருத்தும் பழக்கமுள்ள எழுத்தாளர்கள் குரல் இல்லாமலே வெளியிட்டதற்குச் செலவோடு இந்த வசதியும் ஒரு காரணமாக அமைந்தது.

தொடக்க காலம்

என்.இ.சி நிறுவனத்தின் பிசி-9801 கணினி 1982-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்கு மேல் அந்நாட்டின் முதன்மைக் கணினி வரிசையாக அது விளங்கியது. அதன் பின்வந்த வகைகள் 640-க்கு 400 புள்ளிகள் கொண்ட திரையில், 4096 நிறங்களிலிருந்து தேர்ந்தெடுத்த 16 நிறங்களை ஒரே நேரத்தில் காட்டின. எழுத்தும் நிலைப்படமும் இத்திரையில் தெளிவாகத் தெரிந்தன. வேகமான அசைவுகளுக்கு இக்கணினி ஏற்றதாக இருக்கவில்லை. நிலைப்படங்களின் மேல் உரையை ஓட்டும் கதைகள் இதில் வளர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

1982-ல் கோயெய் நிறுவனம் ‘நைட் லைஃப்’ என்ற வயதுவந்தோர் மென்பொருளை வெளியிட்டது. பிற்காலத்தில் வரலாற்றுப் போர் விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம் இது. 1983-ல் யூஜி ஹோரி எழுதிய ‘போர்டோபியா தொடர்கொலை வழக்கு’ எனிக்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இது பொது வாசகருக்கான துப்பறியும் கதை. உரையும் படமும் சேர்ந்து கதை சொல்லும் முறைக்கு இது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

நின்டென்டோ போன்ற நிறுவனங்களின் விளையாட்டுப் பெட்டிகளுக்குப் படைப்பு வெளியிட உரிமம் பெற வேண்டும். பேழைகளை அச்சிட முன்பணமும் கட்ட வேண்டும். வயதுவந்தோர் உள்ளடக்கத்துக்கு அங்கே இடமில்லை. கணினிக்கு அத்தகைய வாயிற்காவல் இருக்கவில்லை. நெகிழ்தட்டுகளில் பதிந்து கடைகளுக்குக் கொடுத்தால் போதும். பெரிய நிறுவனங்கள் விளையாட்டுப் பெட்டிகளின் பக்கம் சென்றபோது, கணினியில் எஞ்சிய சிறு குழுக்களுக்கு வயதுவந்தோர் முத்திரை உறுதியான வாங்குவோரைத் தந்தது. 1992-ல் எல்ஃப் நிறுவனம் வெளியிட்ட ‘டோக்யூசெய்’ பாத்திரங்களையும் கதையையும் முன்னிறுத்தி வெற்றிபெற்றது. முத்திரையை நம்பி வாங்கியவர்கள் கதைக்காகவும் வாங்குவார்கள் என்பதை மற்ற நிறுவனங்கள் இதிலிருந்து அறிந்துகொண்டன.

இத்தொழிலுக்கு முதல் நெருக்கடி 1991-ல் வந்தது. பள்ளி மாணவர் ஒருவர் இத்தகைய மென்பொருளைக் கடையில் திருடிய நிகழ்வைத் தொடர்ந்து காவல்துறை விசாரணையும் கைதுகளும் நடந்தன. 1992-ல் கணினி மென்பொருள் ஒழுங்குமுறை அமைப்பு தொடங்கப்பட்டது. படைப்புகளைப் பார்வையிட்டு, வயது முத்திரை ஒட்டி, கடைகளில் தனியாக விற்கும் ஏற்பாடு இதன் மூலம் உருவானது. 

லீஃப்: உரையால் திரையை நிரப்புதல்

1992-ல் சுன்சாஃப்ட் நிறுவனம் சூப்பர் ஃபாமிகாம் பெட்டிக்காக ‘ஓதோகிரிசோ’ என்ற திகில் கதையை வெளியிட்டது. பின்னணிப் படத்தின் மேல் திரை முழுவதும் எழுத்துகள் பரவின. ஒலிகள் அச்சத்தைக் கூட்டின. இதை அந்நிறுவனம் சவுண்ட் நாவல் என்று அழைத்தது.

லீஃப் நிறுவனம் 1996 ஜனவரியில் ‘ஷிசுகு’, அதே ஆண்டு ஜூலையில் ‘கிசுவாத்தோ’ ஆகிய வயதுவந்தோர் கதைகளை வெளியிட்டது. இரண்டையும் எழுதியவர் தட்சுயா தகாஹாஷி. சுன்சாஃப்டின் முழுத்திரை உரையை எடுத்துக்கொண்டு, அதன் அடியில் கதாபாத்திரங்களின் உருவங்களை நிறுத்தினார்கள். இந்த வரிசைக்கு லீஃப் விஷுவல் நாவல் என்று பெயரிட்டது. வடிவத்தின் இன்றைய பெயர் இந்த வரிசையிலிருந்து பரவியது.

திரையின் கீழே மூன்று வரிப் பெட்டியில் உரை ஓடும்போது அது பெரும்பாலும் வசனமாகவே இருக்கும். படம்தான் காட்சியைச் சுமக்க வேண்டும். திரை முழுவதும் உரை பரவும்போது வர்ணனைக்கும் மனவோட்டத்துக்கும் இடம் கிடைக்கிறது. வரைய முடியாத காட்சியை எழுதிக்காட்டலாம். இரண்டு கதைகளுக்கு இடையே ஆறு மாத இடைவெளிதான் இருந்தது என்பது இந்த முறையின் சிக்கனத்தைக் காட்டுகிறது.

1997-ல் வந்த ‘டூ ஹார்ட்’ இலகுவான காதல் கதை. இது பெரும் வரவேற்பைப் பெற்றது. 1999-ல் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு வயதுவந்தோர் காட்சிகள் இல்லாத, குரல் சேர்த்த பதிப்பு வந்தது. அதே ஆண்டு தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. முத்திரையுடன் சிறு சந்தையில் தொடங்கி, கதை வெற்றிபெற்ற பின் முத்திரையைக் களைந்து பெரிய சந்தைக்குச் செல்லும் வழி இதன் பிறகு பலரால் பின்பற்றப்பட்டது.

கீ: முத்திரையைக் களைந்த படைப்பாளிகள்

நெக்ஸ்டன் நிறுவனத்தின் டாக்டிக்ஸ் பிரிவில் பணியாற்றிய குழு ஒன்று 1997-ல் ‘மூன்’, 1998-ல் ‘ஒன்’ ஆகிய கதைகளை உருவாக்கியது. பின்னர் அக்குழுவின் முக்கிய உறுப்பினர்கள் அங்கிருந்து விலகி, ஒசாகாவின் விஷுவல் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் கீ என்ற பிரிவைத் தொடங்கினர். எழுத்தாளரும் இசையமைப்பாளருமான ஜுன் மயேதா, எழுத்தாளர் நவோகி ஹிசாயா, ஓவியர் இதாரு ஹினோவே, இசையமைப்பாளர் ஷின்ஜி ஒரிதோ ஆகியோர் அதில் இருந்தனர். விஷுவல் ஆர்ட்ஸ் பல சிறு பிரிவுகளைத் தன் குடையின் கீழ் வைத்திருந்தது. விநியோகம், விற்பனை போன்ற பொறுப்புகளை அது ஏற்றுக்கொண்டதால் சிறு குழுக்கள் கதையில் கவனம் செலுத்த முடிந்தது.

1999 ஜூனில் வெளிவந்த ‘கானோன்’ வயதுவந்தோர் முத்திரையுடன் விற்கப்பட்டது. ஆனால் அதன் வயதுவந்தோர் காட்சிகள் மிகக் குறைவு. அவற்றை நீக்கினாலும் கதை கெடவில்லை. அடுத்த ஆண்டே எல்லா வயதினருக்குமான பதிப்பு வந்தது. 2000-ல் வந்த ‘ஏர்’ இதே வழியில் சென்றது. 2004 ஏப்ரலில் வெளிவந்த ‘கிளானட்’ தொடக்கத்திலிருந்தே அம்முத்திரை இல்லாமல் உருவாக்கப்பட்டது. பலமுறை தள்ளிப்போடப்பட்ட படைப்பு இது. முந்தைய இரு படைப்புகள் ஈட்டித் தந்த வாசகர் நம்பிக்கையே அந்தக் காத்திருப்பையும், முத்திரையைக் கைவிடும் துணிவையும் சாத்தியமாக்கியது.

2004 நவம்பரில் கீ ‘பிளானடேரியன்’ என்ற குறுங்கதையை இணையம் வழியாக வெளியிட்டது. இதில் தேர்வுகளே இல்லை. பாத்திரங்கள் மிகச் சிலர். கிளைகள் இல்லாததால் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு வாசகரையும் சென்றடைந்தது. கைனடிக் நாவல் என்று பெயரிடப்பட்ட இந்த முறை பின்னாளில் சிறிய முதலீட்டில் இயங்கும் பலருக்கு முன்மாதிரியானது.

டைப்-மூன்: நண்பர்கள் உருவாக்கிய சுகிஹிமே

ஜப்பானில் ஆர்வலர்கள் தாமே உருவாக்கித் தாமே விற்கும் படைப்புகள் தோஜின் எனப்படுகின்றன. இவற்றுக்கான பெரும் சந்தையான காமிகெட் 1975 டிசம்பரில் டோக்கியோவில் தொடங்கியது. பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும் நடைபெறுகிறது. நிறுவனத்தில் சேராமல் படைப்பவர்களுக்குக் காமிகெட்டின் நாட்காட்டியே வேலைத்திட்டமாக இருந்தது.

பள்ளிக்கால நண்பர்களான எழுத்தாளர் கினோகோ நாசுவும் ஓவியர் தகாஷி தகேவுச்சியும் 1998-ல் ‘காரா நோ கியோகாய்’ என்ற நாவலை இணையத்தில் வெளியிடத் தொடங்கினர். அப்போது அதற்குப் பெரிய கவனிப்பு இல்லை. அடுத்து, சிலர் கொண்ட குழுவாகச் சேர்ந்து டைப்-மூன் என்ற பெயரில் ‘சுகிஹிமே’ என்ற வயதுவந்தோர் காட்சிப் புதினத்தை உருவாக்கினர். அது 2000 டிசம்பர் காமிகெட்டில் விற்பனைக்கு வந்தது.

‘சுகிஹிமே’யின் சிக்கனம் வெளிப்படையானது. குரல் இல்லை. பின்னணிகள் வரையப்படவில்லை, நிழற்படங்களைக் கணினியில் மாற்றிப் பயன்படுத்தினர். நவோகி தகாஹாஷி உருவாக்கிய என்ஸ்கிரிப்டர் என்ற நிரல்தொகுப்பில் கதை இயங்கியதால் சொந்தமாக இயந்திரம் எழுத வேண்டியிருக்கவில்லை. எழுத்தின் அளவில் மட்டும் எந்தச் சிக்கனமும் காட்டப்படவில்லை. பல நாவல்களுக்கு இணையான நீளம் கொண்ட உரையில், ஒன்றுக்கொன்று தொடர்புடைய 5 பாதைகளில், நாசு தன் கற்பனை உலகை விரித்தார்.

அப்படியும் திட்டமிட்ட எல்லாவற்றையும் முடிக்க இயலவில்லை. சட்சுகி யுமிசுகா என்ற பாத்திரத்துக்குத் திட்டமிடப்பட்ட தனிப்பாதை கைவிடப்பட்டது. அப்பாத்திரம் ஒரு பாதையின் நடுவே வந்து மறைகிறது. இல்லாத அந்தப் பாதையைப் பற்றி வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் பேசினர்.

‘சுகிஹிமே’யின் வெற்றிக்குப் பின் டைப்-மூன் நிறுவனமாக மாறியது. 2004 ஜனவரியில் ‘ஃபேட்/ஸ்டே நைட்’ வெளியானது. இதிலும் இலியா என்ற பாத்திரத்துக்கு எண்ணப்பட்டிருந்த பாதை தனியாக எழுதப்படாமல் மூன்றாம் பாதையுடன் கலக்கப்பட்டது. 2007-ல் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு வயதுவந்தோர் காட்சிகள் இல்லாத பதிப்பு வந்தது. 2015-ல் தொடங்கிய ‘ஃபேட்/கிராண்ட் ஆர்டர்’ கைபேசி விளையாட்டு இந்த உலகை மிகப்பெரிய வணிகமாக்கியது.

2008-ல் அறிவிக்கப்பட்ட ‘சுகிஹிமே’யின் மறுஆக்கம் 2021 ஆகஸ்டில் வெளிவந்தது. குரல், உயர்தரப் படங்கள், அசைவுகள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் பழைய 5 பாதைகளில் 2 மட்டுமே இடம்பெற்றன. 2000-ல் நிழற்படப் பின்னணியுடன் ஒரே பெட்டியில் முடிந்த கதை, பெரும் முதலீட்டுடன் எடுக்கப்பட்டபோது பகுதிகளாகப் பிரிந்தது. காட்சியின் தரம் உயரும்போது கதையின் ஒவ்வொரு மணி நேரமும் விலையேறிவிடுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

தவணைக் கதையும் இலவசக் கதையும்

2002 ஆகஸ்ட் காமிகெட்டில் செவன்த் எக்ஸ்பான்ஷன் குழு ‘ஹிகுராஷி நோ நாகு கோரோ நி’யின் முதல் அத்தியாயத்தை வெளியிட்டது. இது வயதுவந்தோர் முத்திரை பெற்றதல்ல. ஆனாலும் தோஜின் படைப்பாளிகள் அனைவருக்கும் புதிய வழியைக் காட்டியது. எழுத்தும் ஓவியமும் ரியூகிஷி07 என்ற புனைபெயர் கொண்ட ஒருவருடையவை. ஓவியப் பயிற்சி குறைவு என்பது படங்களில் தெரிந்தது. பின்னணிகள் மாற்றியமைத்த நிழற்படங்கள். குரல் இல்லை, தேர்வுகள் இல்லை. கதை 8 அத்தியாயங்களாக 2006 ஆகஸ்ட் வரை வெளிவந்தது.

தமிழ் வார இதழ்களின் தொடர்கதை வாசகருக்கு இந்த முறை புதிதல்ல. ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையே வாசகர்கள் மர்மத்தை விவாதித்தனர். அந்த விவாதமே விளம்பரமானது. ஒரு தவணையில் வந்த வருமானம் அடுத்த தவணைக்கு உதவியது. தொடக்கத்திலேயே முழுச் செலவையும் செய்ய வேண்டிய கட்டாயம் நீங்கியது.

2005-ல் தோமோ கதாவோகா எழுதிய ‘நார்சிசு’ இலவசமாக வெளியானது. இறப்பை எதிர்நோக்கும் இருவரின் பயணத்தைச் சொல்லும் இக்கதையில் படங்கள் மிகக் குறைவு. திரையின் குறுகிய பட்டையில் மட்டுமே படம் தெரியும். வணிகக் காட்சிப் புதினங்களை எழுதிய அனுபவமுள்ளவர் இப்படிச் செய்தது பணமின்மையால் மட்டுமல்ல. வாசகரின் கற்பனைக்கு இடம்விடும் நோக்கமும் அதில் இருந்தது.

கட்டாவா ஷோஜோ: பணமில்லாத திட்டம்

2004-ல் டாம் ரோதமெல் ரென்பை என்ற இலவச இயந்திரத்தை வெளியிட்டார். பைத்தான் மொழியில் அமைந்த இதில், நிரலெழுதத் தெரியாதவரும் எளிய கட்டளைகளால் கதையை அமைக்கலாம். விற்பனைக்கான படைப்புகளுக்கும் கட்டணம் இல்லை. ஜப்பானுக்கு வெளியே காட்சிப் புதினம் பரவியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

2000-ல் ஜப்பானிய ஓவியர் ரைதா தன் தோஜின் நூலில் ஒரு கற்பனைக் காட்சிப் புதினத்துக்கான பாத்திரங்களை ஒரே பக்கத்தில் வரைந்திருந்தார். உடற்குறையுள்ள ஐந்து பெண்கள் அதில் இருந்தனர். அந்தப் பக்கம் 2007-ல் இணையத்தில் பரவியபோது, பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் அதை உண்மையான படைப்பாக்க முடிவுசெய்து ஃபோர் லீஃப் ஸ்டுடியோஸ் என்ற குழுவை அமைத்தனர். யாருக்கும் ஊதியம் இல்லை. முதல் அங்கம் 2009 ஏப்ரலிலும், முழுப்படைப்பு 2012 ஜனவரி 4 அன்றும் இலவசமாக வெளியாயின.

பணம் இல்லாத திட்டத்தில் ஆட்களின் நேரமே முதலீடு. ஊதியம் வாங்காதவரைக் கெடு வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் விலகினால் அவர் பாணியில் தொடர வேறொருவரைத் தேட வேண்டும். ஐந்து பாதைகளையும் வெவ்வேறு எழுத்தாளர்கள் எழுதும் ஏற்பாடு வேலையைப் பங்கிட உதவியது. அதனால் பாதைக்குப் பாதை நடை வேறுபட்டது. முதல் அங்கத்தைத் தனியே வெளியிட்டது குழுவுக்கு வாசகர் எதிர்வினையையும் தொடர்ந்து உழைக்கும் ஊக்கத்தையும் தந்தது.

எடுத்த பொருள் நுட்பமானது. உடற்குறையைப் பரிதாபத்துக்கோ கிளர்ச்சிக்கோ பயன்படுத்தும் கதையாக அது இருக்கும் என்றே பலர் எதிர்பார்த்தனர். வெளிவந்த கதை அப்பாத்திரங்களை விருப்பும் கோபமும் பிடிவாதமும் உள்ள மனிதர்களாகக் காட்டியது. வயதுவந்தோர் காட்சிகளை மறைத்துவிட்டு வாசிக்கும் வசதியும் அமைப்பில் இருந்தது. விற்பனை நோக்கம் இல்லாததால், எந்தக் காட்சி எதற்காக இருக்கிறது என்பதைக் குழு தன் விருப்பப்படி தீர்மானிக்க முடிந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை ஐந்தாண்டு உழைப்பு.

இணையக் கடைகளும் மாதச் சந்தாவும்

2010-களில் ஆங்கிலத்தில் எழுதும் தனிப் படைப்பாளிகள் பெருகினர். கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டின் லவ் 2010-ல் ‘டிஜிட்டல்: எ லவ் ஸ்டோரி’யை இலவசமாக வெளியிட்டார். முழுக்கதையும் ஒரு பழைய கணினியின் திரைக்குள்ளேயே நடப்பதால் பாத்திர ஓவியங்கள் தேவைப்படவில்லை. 2012-ல் ‘அனலாக்: எ ஹேட் ஸ்டோரி’யை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 2016-ல் வந்த ‘லேடிகில்லர் இன் எ பைண்ட்’ வயதுவந்தோருக்கான படைப்பு. முதலில் வேறு கடையில் விற்கப்பட்ட அது 2017 ஜனவரியில் ஸ்டீம் கடைக்கு வந்தது.

ஸ்டீம் கடை கணினி விளையாட்டு விற்பனையில் முதன்மையானது. விற்பனையில் பொதுவாக 30 சதவீதத்தைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. 2017-லிருந்து ஒரு படைப்பைப் பட்டியலிட 100 டாலர் கட்டணம் போதுமானதாக இருந்தது. ஆனால் வெளிப்படையான வயதுவந்தோர் உள்ளடக்கத்துக்கு அங்கே அனுமதி இருக்கவில்லை. எனவே பலர் அக்காட்சிகள் நீக்கிய பதிப்பை ஸ்டீமில் விற்று, மீதியைத் தனி இணைப்பாக வேறு தளத்தில் தந்தனர். ஒரே கதையின் இரண்டு வடிவங்களை எழுதி, சோதித்து, பராமரிப்பது தனிப் படைப்பாளிக்குக் கூடுதல் சுமையானது. 2018 மே மாதத்தில் சில படைப்பாளிகளுக்கு நீக்க எச்சரிக்கை வந்தது. ஜூனில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் கொள்கையைத் தளர்த்தியது. செப்டம்பரில் வடிகட்டி வசதிகளுடன் இத்தகைய படைப்புகள் அனுமதிக்கப்பட்டன.

2013-ல் தொடங்கிய பேட்ரியான் தளம் மற்றொரு வழியைத் திறந்தது. ஆதரவாளர்கள் மாதந்தோறும் சிறுதொகை செலுத்துகின்றனர். படைப்பாளி முடியாத கதையைப் பகுதி பகுதியாகத் தருகிறார். முன்பணம் தேவையில்லை. மாத வருமானம் இருப்பதால் வேறு வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர்கள் உண்டு. கையால் வரையாமல் முப்பரிமாண உருவங்களைக் கணினியில் படமாக்கும் முறையும் இக்காலத்தில் பரவியது. ஓவியர் ஊதியம் குறைந்து, கணினியின் விலையும் படமாக்கக் காத்திருக்கும் நேரமும் அந்த இடத்தைப் பிடித்தன.

மாதச் சந்தா கதையின் அமைப்பையும் பாதித்தது. கதை முடிந்தால் சந்தாவும் முடியும் என்பதால் முடிவைத் தள்ளிப்போடும் தூண்டுதல் இயல்பாக எழுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஆதரவாளர் எதிர்பார்க்கும் காட்சிகள் இருக்க வேண்டும் என்ற அழுத்தமும் சேர்கிறது. மெதுவாக வளர வேண்டிய கதைக்கு இது இடையூறு. ஆதரவாளர் வாக்கெடுப்பால் புதிய பாத்திரங்கள் சேரும்போது, மேலே சொன்ன கிளைக் கணக்கின்படி வேலை பெருகுகிறது. தொடக்கத்திலேயே பகுதிகளின் எண்ணிக்கையை அறிவித்துவிட்டு எழுதுவது இதற்கு ஒரு தீர்வாக அமைந்தது.

பணம் செல்லும் வழி

கடைகளின் கொள்கைக்கு மேலாக, அட்டை நிறுவனங்களும் பணப்பரிமாற்ற நிறுவனங்களும் இத்துறையில் செல்வாக்குச் செலுத்துகின்றன. ஜப்பானில் 2022 ஜூலையில் டி.எம்.எம் குழுமத்தின் தளங்களில் மாஸ்டர்கார்டு ஏற்பு நின்றது. தோஜின் படைப்புகளின் பெரிய இணையக் கடையான டிஎல்சைட், 2024 மார்ச்சில் சில பிரிவுப் பெயர்களை மாற்றியது. ஏப்ரலில் அங்கே விசா, மாஸ்டர்கார்டு உள்ளிட்ட அட்டைகளின் ஏற்பு நிறுத்தப்பட்டது.

2025 ஜூலையில் ஸ்டீம் தன் விதிகளில், பணப்பரிமாற்ற நிறுவனங்களின் தரங்களை மீறும் உள்ளடக்கத்துக்கு இடமில்லை என்று சேர்த்து, சில படைப்புகளை நீக்கியது. அதே மாதம் இட்ச்.ஐஓ தளம் வயதுவந்தோர் படைப்புகளைத் தேடலிலிருந்து மறைத்தது. படைப்பாளியே கடைக்குத் தரும் பங்கை நிர்ணயிக்கலாம் என்பதால் சிறு படைப்பாளிகள் விரும்பிய தளம் அது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கலெக்டிவ் ஷவுட் என்ற அமைப்பு, பாலியல் வன்முறையைச் சித்திரிக்கும் ஒரு விளையாட்டை எதிர்த்துத் தொடங்கிய பிரச்சாரம் பணப்பரிமாற்ற நிறுவனங்கள் வரை சென்றதன் தொடர்ச்சி இது. பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பொழுதுபோக்காக்கக் கூடாது என்பது அவ்வமைப்பின் வாதம். சட்டத்துக்கு உட்பட்ட படைப்புகளும் விளக்கம் கேட்கப்படாமல் மறைக்கப்பட்டன என்பது படைப்பாளிகளின் வாதம்.

1992-ல் ஜப்பானில் உருவான ஏற்பாட்டில், ஒரு படைப்பு எந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது வெளியீட்டுக்கு முன்பே தெரிந்தது. இன்றைய நிலையில் பல ஆண்டு உழைப்புக்குப் பின், வெளியான படைப்பும் ஒரே இரவில் மறைக்கப்படலாம். அந்த இழப்பைத் தாங்கும் கையிருப்பு பெரிய நிறுவனத்துக்கு இருக்கலாம். ஒருவரே எழுதி வரைந்து விற்கும் படைப்புக்கு அது வருமானத்தின் முடிவாக அமையும்.

மதிப்பீடு

லீஃப் அசைவைக் கைவிட்டு உரையைப் பெருக்கியது. டைப்-மூன் வரைந்த பின்னணியையும் குரலையும் ஒரு முழுப் பாதையையும் கைவிட்டது. ரியூகிஷி07 கிளைகளைக் கைவிட்டார். ‘கட்டாவா ஷோஜோ’ குழு வருமானத்தையே கைவிட்டது. இவர்களில் யாரும் எழுத்தைச் சுருக்கவில்லை. எழுத்துக்குப் பணச்செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். பாத்திரங்களின் மேல் வாசகருக்கு ஏற்படும் பற்று எழுத்திலிருந்தே பிறக்கிறது என்பது மற்றொரு காரணம்.

சிக்கனத்தால் மட்டுமே படைப்பு சிறந்துவிடுவதில்லை. குறைந்த செலவில், முத்திரையை மட்டும் நம்பி விரைந்து தயாரிக்கப்பட்ட எண்ணற்ற படைப்புகள் மறக்கப்பட்டுள்ளன. நினைவில் நிற்பவற்றில் எதைக் கைவிடுவது என்ற முடிவு கதையின் தேவையை ஒட்டி எடுக்கப்பட்டிருந்தது. ‘நார்சிசு’வின் குறுகிய படப்பட்டையும், ‘டிஜிட்டல்’ கதையின் பழைய கணினித் திரையும் பணத்தை மிச்சப்படுத்தியவை, அதே நேரத்தில் கதைக்கும் பொருந்தியவை.

பணம் வரும் வழி நிலையற்றதாகிவிட்டதால், இன்றைய தனிப் படைப்பாளிகளின் செலவுக் கணக்கில் புதிய இனங்கள் சேர்ந்துள்ளன. ஒரே கடையை நம்பாமல் பல இடங்களில் விற்பது, வயதுவந்தோர் காட்சிகளை நீக்கினாலும் கதை நிற்கும்படி எழுதுவது, வாசகர்களுடன் நேரடித் தொடர்பைப் பேணுவது ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் இரண்டாவது, 1999-ல் ‘கானோன்’ கடைப்பிடித்த அதே முறை. அன்று பெரிய சந்தைக்குச் செல்வதற்கு அது பயன்பட்டது. இன்று இருக்கும் சந்தையை இழக்காமல் இருப்பதற்குப் பயன்படுகிறது.